சாலைப் பணியின் மாதாந்திரச் சுற்றுச்சூழல் அறிக்கையை எப்படிப் படிப்பது? (பெங்களூரு)

கேள்வி: முருகேஷ்பாளையா குடியிருப்பாளர்

வணக்கம். பெங்களூரு முருகேஷ்பாளையாவில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் அடுக்ககத்தின் முன்னால் செல்லும் சாலையை அகலப்படுத்தி, பழைய தாரின்மேல் கான்கிரீட் பரப்பும் ஒயிட் டாப்பிங் வேலை அக்டோபரில் தொடங்கி இன்னும் நடந்துவருகிறது. சாலையின் மேற்குப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. என் மகன் அங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியை ஒட்டி ஒரு சிறிய மருத்துவமனையும், கிழக்குப் பக்கம் எங்களைப் போன்ற குடியிருப்புகளும் உள்ளன. வேலை நடக்கக் கூடாது என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சாலை குளமாவதைப் பார்த்துச் சலித்தவர்கள் நாங்கள்.

ஆனால் தை பிறந்ததிலிருந்து, காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மாலைக்குள் விரலால் எழுத்து எழுதும் அளவுக்குத் தூசி படிகிறது. என் மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. முன்பு மாதத்துக்கு ஒருமுறை இன்ஹேலர் எடுத்தவர், இப்போது வாரத்தில் மூன்று நாட்கள் எடுக்கிறார். பள்ளி விடும் நேரத்தில் ஜல்லி லாரி கடந்து சென்றால் பிள்ளைகள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் கேட்டபோது, மாதந்தோறும் சுற்றுச்சூழல் தரம் கண்காணிக்கப்படுகிறது என்று சொல்லி ஐந்து மாத அறிக்கைகளின் நகலைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம். காற்றில் மிதக்கும் நுண்தூசியான பி.எம். 10இன் அளவு அக்டோபரில் 82, நவம்பரில் 84, டிசம்பரில் 81, ஜனவரியில் 83, பிப்ரவரியில் 82 மைக்ரோகிராம். அனுமதிக்கப்பட்ட வரம்பு 100 என்றும், எனவே காற்றின் தரம் திருப்திகரமாக உள்ளது என்றும் கீழே எழுதியிருக்கிறது. ஒலிக்கு ஒரே ஓர் எண். நீர் என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று உள்ளது. இடம் என்ற கட்டத்தில் 'பணியிடம்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் கணக்காளராகப் பணியாற்றுகிறேன். ஐந்து மாதக் கணக்கும் மூன்றே எண் வேறுபாட்டுக்குள் அடங்கினால் அதைத் திரும்பப் பார்ப்பது என் தொழில் பழக்கம். யாரையும் குற்றம் சாட்ட நான் இதை எழுதவில்லை. இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை, நாங்கள் என்ன கேட்க வேண்டும், நாங்களே அளந்து பார்க்க ஏதாவது வழி உண்டா என்பதைத் துறை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர், பெங்களூரு

சகோதரிக்கு வணக்கம். மேற்பார்வை ஆலோசகர் தரப்பில் முப்பது ஆண்டுகள் சாலைப் பணிகளில் இருந்தவன் நான். கடைசிப் பத்தாண்டுகள், இத்தகைய அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதும் என் வேலைகளுள் ஒன்றாக இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கண்காணிப்பு எந்தக் கடமையின்கீழ் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நெடுஞ்சாலைகளைப் பற்றிப் பேசுகிறது. நகருக்குள் ஒரு தெருவை அகலப்படுத்துவது பொதுவாக அதற்குள் வராது. எனவே சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் சாலையின் கடமைகள் வேறு இடங்களில் உள்ளன: ஒப்பந்த ஆவணம், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், 2018 ஜனவரி 25 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட தூசித் தடுப்பு அறிவிக்கை ஆகியவை. இவற்றுள் ஒப்பந்த ஆவணத்தையே முதலில் கேளுங்கள். வேலை அளவுப் பட்டியலில் சுற்றுச்சூழல் கண்காணிப்புக்கென்று தனி வரியும் தொகையும் இருந்தால், செய்யாத அளவீட்டுக்குப் பணம் கொடுக்க முடியாது என்பதால் யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'இதர செலவுகளில் அடங்கும்' என்று ஒரு வரியில் முடித்திருந்தால், அந்த வேலை யாருடைய வேலையாகவும் இருக்காது. என் அனுபவத்தில் நல்ல கண்காணிப்புக்கும் பெயரளவிலான கண்காணிப்புக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் தொடங்கியது.

அடுத்தது அடிப்படை அளவு. வேலை தொடங்குவதற்கு முன்பு, அதே இடத்தில், அதே முறையில் எடுத்த அளவு இல்லாவிட்டால், வேலையால் எவ்வளவு கூடியது என்பதை யாராலும் சொல்ல முடியாது. பெங்களூரு புறவட்டச் சாலைத் திட்டத்தின் வழக்கில் 2020 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் புதிதாக மதிப்பீடு செய்யச் சொன்னதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று, மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அடிப்படைத் தரவுகள் மூன்றாண்டுகளுக்கும் மேல் பழையவை என்பதுதான். அவ்வளவு பெரிய திட்டத்துக்கு எது குறையோ அது உங்கள் தெருவுக்கும் குறைதான். செப்டம்பரிலோ அதற்கு முன்போ எடுத்த அளவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி அந்த 82க்கு வருகிறேன். நூறு என்பது 24 மணி நேரச் சராசரிக்கான தேசிய வரம்பு. ஒரு கன மீட்டர் காற்றில் நூறு மைக்ரோகிராம். சராசரி என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. காலை இரண்டு மணி நேரம் ஜல்லி கொட்டும்போது அளவு 400 என்றும், மீதி 22 மணி நேரம் 60 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி 24ஆல் வகுத்தால் 88 வரும். வரம்புக்குள் இருக்கிறது, அறிக்கையும் பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் பள்ளி திறக்கும் நேரமாக இருந்தால், உங்கள் மகன் மூச்சில் இழுத்தது 88 அல்ல. அதனால் 24 மணி நேர எண்ணோடு, எட்டு மணி நேரப் பகுதி அளவுகளையும் கேட்டுப் பெறுங்கள். பெரும்பாலான கருவிகளில் தூசியைப் பிடிக்கும் வடிதாளை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஆகவே அந்த மூன்று எண்களும் எங்காவது இருக்கும்.

அதே நூறு ஆண்டு முழுவதற்கும் பொருந்தும் வரம்பு அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆண்டுச் சராசரிக்கான வரம்பு 60. அந்தச் சராசரியைச் சொல்ல, வாரத்துக்கு இருமுறை வீதம் குறைந்தது 104 அளவீடுகள் தேவை என்று தேசியத் தர நிர்ணயமே சொல்கிறது. மாதத்துக்கு ஒருநாள் எடுத்த அளவை வைத்து 'காற்றின் தரம் திருப்திகரம்' என்று எழுதுவது, முப்பது நாட்களில் ஒருநாள் மட்டும் கடையைத் திறந்து பார்த்துவிட்டு வியாபாரம் எப்படி என்று சொல்வதைப் போன்றது.

உங்கள் ஐயம் எனக்கும் உண்டு, ஆனால் வேறொரு காரணத்தால். பெங்களூரில் அக்டோபர் மழை மாதம், பிப்ரவரி வறண்ட மாதம். வேலையே நடக்காத தெருவில்கூட இந்த இரண்டு மாதங்களின் தூசி அளவு ஒன்றாக இருக்காது. மழை காற்றைக் கழுவிவிடும். அக்டோபரில் 82 என்றால் பிப்ரவரியில் அது கூடியிருக்க வேண்டும்; பிப்ரவரியில் 82 என்றால் அக்டோபரில் குறைந்திருக்க வேண்டும். ஐந்து எண்களையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிரந்தர நிலையங்களில் அதே தேதிகளில் பதிவான எண்களோடு வைத்துப் பாருங்கள். ஜெயநகர், சில்க் போர்டு, ஹெப்பாள் போன்ற நிலையங்களின் அளவுகள் பொதுவில் கிடைக்கின்றன. நிலையங்களின் எண்கள் ஏறி இறங்கியிருக்க, உங்கள் தெரு மட்டும் அசையாமல் நின்றிருந்தால், அந்த ஒப்பீட்டை ஒரு தாளில் எழுதி அதிகாரியிடம் கொடுங்கள். அதுவே போதுமான கேள்வி.

கடைசியாக, கருவி எங்கே வைக்கப்படுகிறது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த ஊரில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும்; தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும். உங்கள் சாலை வடக்கு தெற்காகச் சென்றால், இந்த மாதங்களில் தூசி போய்ச் சேரும் பக்கம் பள்ளியின் பக்கம். கருவி கிழக்குப் பக்கம் இருந்தால், வேலை நடக்கும் இடத்தைத் தொடுவதற்கு முன்பான காற்றைத்தான் அது அளந்திருக்கும். ஒரு பணியில் கருவியை முகாம் அலுவலகத்தின் மொட்டைமாடியில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலை நடந்த இடம் அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மின்சார இணைப்பு அங்கேதான் இருக்கிறது, அதனால் வைத்தோம் என்றார்கள். காரணம் உண்மைதான். ஆனால் ஓராண்டு அளவீடு வீணாயிற்று, அதில் என் பெயரும் இருந்தது என்பது இன்றும் உறுத்துகிறது.

மறுமொழி 2: ஆய்வக வேதியியலர்

நான் அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காற்று மாதிரிகளை எடை போடுகிறேன். பொறியாளர் ஐயா சொன்னதோடு வடிதாளின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

அந்த 82 எப்படிப் பிறக்கிறது என்பதை நேரில் பார்த்தால், எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகவே புரியும். ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தின் அளவுள்ள வெள்ளைக் கண்ணாடியிழை வடிதாளை ஒருநாள் முழுவதும் ஈரமற்ற அறையில் வைத்து, பிறகு எடை போட்டு, எண்ணிட்டு, உறையிலிட்டுப் பணியிடத்துக்குக் கொண்டுசெல்கிறோம். கருவி நிமிடத்துக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்றை அதன் வழியே இழுக்கிறது. எட்டு மணி நேரத்தில் 528 கன மீட்டர். காற்றில் சரியாக வரம்பின் அளவான 100 மைக்ரோகிராம் தூசி இருந்தால், அந்தத் தாளில் கூடும் எடை சுமார் 53 மில்லிகிராம். இரண்டு மூன்று அரிசி மணிகளின் எடை. தாளின் விளிம்பில் ஒரு நார் கிழிந்தாலும், கையுறை இல்லாத விரல் பட்டாலும் கணக்கு மாறிவிடும். மழை நாளில் ஈரம் ஏறிய தாளை உலர்த்தாமல் எடை போட்டாலும் அப்படியே.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது முடிவுப் பக்கத்தை அல்ல, களக் குறிப்பேட்டை. அதில் வடிதாள் எண், முதல் எடை, இறுதி எடை, தொடக்க நேரம், முடிவு நேரம், காற்றோட்ட அளவு, மின்சாரம் தடைப்பட்ட நேரம், வானிலை, அருகில் நடந்த வேலை ஆகியவை இருக்க வேண்டும். கருவி கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது என்ற சான்றிதழும் தேவை. இவை இருந்தால் எண்ணை நம்பலாம். மறுக்க வேண்டியிருந்தாலும் முறையாக மறுக்கலாம். இவை இல்லாத எண்ணை எங்கள் ஆய்வகத்தில் மேலாளர் கையெழுத்துக்கு அனுப்ப மாட்டோம்.

வைக்கும் இடத்துக்கும் நெறிமுறை உண்டு. காற்றை இழுக்கும் வாய் தரையிலிருந்து மூன்று முதல் பத்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மரக்கிளைக்கு அடியிலோ சுவரை ஒட்டியோ இருக்கக் கூடாது. இலைகள் தூசியைப் பிடித்துக்கொள்ளும், சுவர் காற்றைத் திருப்பிவிடும்.

கடையில் கிடைக்கும் சிறிய கையடக்கக் கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அவை ஒளிச் சிதறலைக் கொண்டு துகள்களைக் கணக்கிடுகின்றன. வாகனப் புகையின் நுண்துகள்களுக்கு ஓரளவு சரியாக வரும். சாலைப் பணியின் தூசி பெரும்பாலும் பருமனான துகள்கள். அவற்றை இக்கருவிகள் மிகக் குறைத்துக் காட்டும். அதிகாலைப் பனியிலோ ஈரம் மிகுந்தபோதோ கூட்டியும் காட்டும். எனவே அந்த எண்ணை வைத்து வரம்பு மீறியது என்று புகார் எழுதாதீர்கள்; முதல் கேள்வியிலேயே அடிபட்டுவிடும். ஆனால் ஒரே மாதிரியான இரண்டு கருவிகளை வாங்கி, முதலில் ஒரு வாரம் அருகருகே வைத்து அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு சாலையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்தால், எந்த மணி நேரத்தில் எந்தப் பக்கம் கூடுகிறது என்பது தெரியும். எப்போது, எங்கே முறையான கருவியை வைக்க வேண்டும் என்று கேட்பதற்கு அந்தத் தகவல் மிகவும் உதவும்.

மறுமொழி 3: அல்சூர் ஏரிக்கரை வாசி

நான் பொறியாளரும் அல்ல, வேதியியலரும் அல்ல. ஆனால் அந்த அறிக்கையில் 'நீர்: பொருந்தாது' என்று இருப்பதாகப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெங்களூரில் எந்தத் தெருவின் மழைநீர் வடிகாலும் எங்கோ ஒரு ராஜகால்வாயில், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயில், சேரும், ராஜகால்வாய் ஓர் ஏரியில் சேரும். அல்சூர் ஏரியின் நீர் பெல்லந்தூருக்கும், அங்கிருந்து வர்த்தூருக்கும், அங்கிருந்து தென்பெண்ணை ஆற்றுக்கும் போகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரின் கழிவு எதுவரை பயணம் செய்கிறது என்பதற்கு அது கண்கூடான சாட்சி. கான்கிரீட் சாலை போடும் இடத்துக்கு நீர் பொருந்தாது என்று எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதியில் இதே வேலை நடந்தது. கான்கிரீட் போட்ட மறுநாள், விரிசல் ஓடாமல் இருப்பதற்காக வட்ட ரம்பத்தால் குறுக்கே கோடு வெட்டுவார்கள். தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டினார்கள். அது நல்ல செயல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டிய இடத்திலிருந்து பால்போல் வெண்மையாக ஒரு நீர் ஓடி, நடைபாதை ஓரத்து வடிகாலில் இறங்கியது. ரெடிமிக்ஸ் லாரியின் பின்புறச் சரிவைக் கழுவிய தண்ணீரும் அதே வடிகாலில்தான் விடப்பட்டது. பள்ளி ஆய்வகத்தில் அமில, காரத் தன்மையைப் பார்க்கப் பயன்படுத்தும் பி.எச். தாளை என் மகள் கொண்டுவந்து தொட்டுப் பார்த்தாள். தாள் கருநீலமாக மாறியது. அட்டையில் பன்னிரண்டுக்கு நேராக இருந்த நிறம். நீர்நிலையில் விடும் கழிவுநீரின் பி.எச். 5.5 முதல் 9 வரைதான் இருக்கலாம், நீரில் கரையாமல் கலந்து நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. சிமெண்ட் நீர் அந்த எல்லையைத் தாண்டி எவ்வளவோ தொலைவில் இருக்கிறது.

அந்தத் தாளைத் தேதியும் நேரமும் எழுதிப் புகைப்படம் எடுத்து, வடிகாலின் புகைப்படத்தோடு உதவிப் பொறியாளரிடம் காட்டினோம். வாக்குவாதம் செய்யவில்லை. மூன்றாம் நாள் சாலையோரத்தில் ஒரு குழி வெட்டி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, லாரிகள் அங்கேதான் கழுவ வேண்டும் என்று பலகை வைத்தார்கள். வெட்டும் இடத்தில் வடிகாலின் வாயை மணல் மூட்டைகளால் அடைத்து, சேறு இறுகிய பின் அள்ளிக்கொண்டு போனார்கள். இருபது ரூபாய் விலையுள்ள பி.எச். தாளால் நடந்தது இது. காற்றைவிட நீரை நாமே சோதிப்பது எளிது என்பதால் இதை முதலில் செய்யுங்கள் என்று சொல்வேன்.

ஆவணங்களைப் பெறத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாட்களுக்குள் பதில். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரு பொருளைப் பற்றி மட்டுமே கேட்க வேண்டும், 150 சொற்களுக்குள் கேட்க வேண்டும் என்ற விதி உள்ளது. அதை அறியாமல் நான் அனுப்பிய முதல் மனு திரும்பி வந்தது. எனவே ஒப்பந்த ஆவணத்துக்கு ஒன்று, களக் குறிப்பேட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்புங்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: அச்சட்டத்தின் 2(ஜே) பிரிவு, ஆவணங்களின் நகலோடு, நடந்துகொண்டிருக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தப்படும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. 'மாதிரி எடுக்கும் நாளில் நேரில் பார்வையிட விரும்புகிறேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர், பெங்களூரு

ஏரிக்கரை நண்பர் கோடு வெட்டுவதைப் பற்றிச் சொன்னது, நான் முதலில் எழுத மறந்த ஒலிக்கு என்னைக் கொண்டுவருகிறது.

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது விதி. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. குடியிருப்புப் பகுதிகளிலும் அமைதி மண்டலங்களிலும் ஒலி எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இரவில் இயக்கக் கூடாது என்று 2010இல் தனியாகவே சேர்க்கப்பட்டது. பள்ளியும் மருத்துவமனையும் இருப்பதால் அமைதி மண்டலத்துக்கான 50 டெசிபல் தங்களுக்குப் பொருந்தும் என்று நினைப்பீர்கள். ஆனால் 2017 திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவித்த இடம் மட்டுமே அமைதி மண்டலம். முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தூசியில் சராசரி உச்சத்தை மறைக்கிறது என்று சொன்னேன். ஒலியில் நேர்மாறு. ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் 60 டெசிபலும், பத்து நிமிடம் கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கர் ஓடி 90 டெசிபலும் இருந்தால், சமான ஒலி அளவு (ஒலியின் ஆற்றலைக் கொண்டு எடுக்கும் சராசரி) 65 அல்ல, 82 வரும். எனவே ஒரே எண் தந்திருக்கிறார்கள் என்றால், அது சமான அளவா, கருவியைக் கையில் பிடித்து ஒரு நொடி பார்த்த அளவா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

கோடு வெட்டும் வேலையைத் தள்ளிப்போட முடியாது. கான்கிரீட் போட்டுச் சில மணி நேரங்களுக்குப் பிறகு, பெரும்பாலும் ஒருநாளுக்குள், அது ரம்பத்தைத் தாங்கும் அளவுக்கு இறுகியதும் வெட்டியாக வேண்டும். தாமதித்தால் விரிசல் தன் விருப்பத்துக்கு ஓடிவிடும். மாலையில் கான்கிரீட் போட்டால் வெட்டும் நேரம் நள்ளிரவில் வந்து நிற்கும். அதிகாலை ஆறு மணிக்குப் போட்டால் பிற்பகலில் வெட்டி முடிக்கலாம். இரவு ஒலியைக் குறைக்க நீங்கள் கேட்க வேண்டியது அமைதியான ரம்பத்தை அல்ல, கான்கிரீட் லாரி வரும் நேரத்தை மாற்றுவதை. போக்குவரத்துக் காவல்துறையின் லாரி நேரக் கட்டுப்பாடும் இதில் குறுக்கிடும் என்பதால் மூன்று தரப்பும் ஒன்றாக உட்கார வேண்டும்.

அதிர்வைப் பற்றி ஒன்று. ரோலர் ஓடும்போது சுவரில் விரிசல் விழுந்ததாக யாராவது சொன்னால், பழைய முறை ஒன்று இருக்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். வளராத பழைய விரிசலுக்கு வேலையின்மேல் பழி போடாமல் இருக்கவும் அது உதவும்.

தூசிக்கு, 2018 அறிவிக்கை சொல்வதை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். அதற்குக் கருவி தேவையில்லை. மண்ணும் மணலும் மூடப்பட்டிருக்கின்றனவா, லாரிகளுக்குத் தார்ப்பாய் உண்டா, திறந்த இடத்தில் கல் வெட்டுகிறார்களா, சாலையோரத்தில் பொருட்களைக் குவித்திருக்கிறார்களா, தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு இருக்கிறதா, இந்த நடவடிக்கைகளை எழுதிய பலகை பணியிடத்தில் இருக்கிறதா. தண்ணீர் தெளிக்கச் சொல்லும்போது சுத்திகரித்த நீரைக் கேளுங்கள். 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது காவிரிக் குடிநீரைச் சாலைப் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை விதித்து, 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. நம் பிள்ளைகளின் மூச்சுக்காக யாருடைய குடத்தையும் காலி செய்ய வேண்டாம். மார்ச் வெயிலில் காலையில் ஒருமுறை தெளிப்பதால் பயனில்லை. மதியத்துக்குள் மண் மறுபடி பறக்கும். பள்ளி தொடங்கும் முன்பும் விடும் முன்பும் தெளிப்பது, நாளுக்கு நான்கு முறை எங்காவது தெளிப்பதைவிட மேல்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்றை விட்டுவிடாதீர்கள்: எண் வரம்பைத் தாண்டினால் அன்றே எந்த வேலை நிற்கும், யார் நிறுத்துவார்? அறிக்கை ஒரு மாதம் கழித்து வருமென்றால் அதற்கு விடை இருக்காது. அந்த விடையை எழுத்தில் வாங்குங்கள்.

மறுமொழி 5: முருகேஷ்பாளையா குடியிருப்பாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களாக நீங்கள் சொன்னவற்றைச் செய்துகொண்டிருந்ததால் பதில் எழுதத் தாமதமானது.

கருவி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கப் போனேன். சாலையின் கிழக்குப் பக்கம், காவலாளி அறையின் கூரையில், சுற்றுச்சுவரை ஒட்டி, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளுக்கு நேர் கீழே இருந்தது. அங்கிருந்த இளைஞர் பணிவோடு பேசினார். மரத்தடியில் வைத்தால் கருவி சூடாகாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. களக் குறிப்பேட்டையும் காட்டினார்: தேதி உண்டு, நேரம் உண்டு, ஆனால் 'அருகில் நடந்த வேலை' என்ற பத்தி ஐந்து மாதமும் வெறுமையாக இருந்தது. தேதிகளைக் குறித்துக்கொண்டு வந்து நாட்காட்டியில் பார்த்தேன். ஐந்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். ஞாயிறு அன்று எங்கள் தெருவில் வேலை நடப்பதில்லை.

இந்தத் தேதிகளையும், அதே நாட்களில் நிரந்தர நிலையங்கள் காட்டிய அளவுகளையும், மரத்தடிக் கருவியின் புகைப்படத்தையும் ஒரே தாளில் வைத்துச் செயற்பொறியாளரிடம் கொடுத்தோம். பள்ளித் தலைமையாசிரியையும் மருத்துவமனையின் செவிலியர் ஒருவரும் உடன் வந்தார்கள். செயற்பொறியாளர் அதை இரண்டு முறை படித்தார். வரும் வியாழக்கிழமை, ஜல்லி பரப்பும் வேலை நடக்கும் நாளில், பள்ளியின் முதல்மாடித் தாழ்வாரத்துக்கு மேலுள்ள திறந்த கூரையில் ஒரு கருவியும், இப்போதுள்ள பக்கத்தில் மரத்தை விட்டு விலக்கி இன்னொன்றும் வைப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு வடிதாள் போடும்போதும், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும்போதும் எங்களில் ஒருவர் உடனிருக்கலாம். இரவு பதினோரு மணி முறையை என் கணவர் ஏற்றுக்கொண்டார். வேலையை யார் நிறுத்துவார் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் எழுத்தில் விடை வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு மனு அனுப்பியிருக்கிறேன், 150 சொற்களுக்குள்.

எண்கள் வந்ததும், மூன்று பகுதிகளாகவே, இங்கே பதிகிறேன்.